முறத்தில் இடவேண்டிய பட்டியல்

இலக்கியம் பேசும் இடத்தில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். எங்களில் பாதிப் பேர் பகலில் நிரல் எழுதியோ, பிறர் எழுதிய நிரலைச் சோதித்தோ, சோதித்ததைப் பற்றி அறிக்கை தயாரித்தோ பிழைப்பவர்கள். புத்தகம் இரவில்தான். பகல் வேலையைப் பற்றி இங்கே எழுதுவதில்லை என்பது எங்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம். இந்த ஒரு முறை அதை மீறுகிறோம். நாங்கள் பேசப்போகும் வேலை கணினியோடு செய்வதைவிட மொழியோடு செய்வது அதிகம். கூர்ந்து படித்தல், ஒரு சொல்லுக்கு எல்லோரும் ஒரே பொருள் கொள்கிறார்களா என்று பார்த்தல், வேண்டாததை வெட்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அது. சிற்றிதழ் ஆசிரியர் மேசையில் நடக்கும் வேலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அந்த வேலையின் பெயர் 'பேக்லாக் ரிஃபைன்மெண்ட்'. 'அஜைல்' முறையில் இயங்கும் ஒவ்வொரு மென்பொருள் குழுவும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உருவாக்கும் மென்பொருளில் இனிமேல் செய்யவேண்டியவை அனைத்தும் அதில் வரிசையாக இருக்கும். மேலே இருப்பது அடுத்து எடுக்கவேண்டியது; கீழே இருப்பது பிறகு பார்க்கலாம் என்பது. இந்தப் பட்டியலைக் குழுவாக உட்கார்ந்து படித்து, பெரியதைச் சிறியதாக உடைத்து, மங்கலானதைத் தெளிவாக்கி, உழைப்பின் அளவை மதிப்பிட்டு, வரிசையை மாற்றி, வேண்டாததை நீக்குவதுதான் மேற்சொன்ன வேலை. இவற்றில் கடைசியாகச் சொன்ன நீக்குதலை நம் அலுவலகங்கள் அநேகமாகக் கைவிட்டுவிட்டன என்பது எங்கள் எண்ணம். நீக்குவதற்கு முன்னால் கேட்கவேண்டிய 'ஏன்' என்ற கேள்வியையும் அதனோடு சேர்த்துக் கைவிட்டுவிட்டன. அதற்கான விலையைப் பட்டியலை எழுதியவர்கள் கொடுப்பதில்லை. அதன் முன்னால் இரவு உணவை ஒத்திப்போட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் கொடுக்கிறார்கள். எழுதத் துணிந்தது அதனால்தான்.

*

சொற்களிலிருந்து தொடங்குவோம். அது எங்களுக்குப் பழக்கமான வழி.

'பேக்லாக்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடம் அடுப்பு. குளிர்நாட்டு வீடுகளில் கணப்பின் பின்புறத்தில் ஒரு பெரிய கட்டையை வைப்பார்கள். முன்னால் போடும் சுள்ளிகள் எரிந்து தீர்ந்துகொண்டிருக்க, பின்கட்டை மெல்லக் கனன்று நெருப்பைக் காத்துக்கொண்டிருக்கும். அது ஒரு சேமிப்பு, நாளைக்கான வெப்பம். காலப்போக்கில் அந்தச் சொல் தேங்கிப்போன வேலை என்ற பொருளுக்கு இறங்கியது. வெப்பம் தந்துகொண்டிருந்த கட்டை முதுகில் ஏறிய சுமையாயிற்று. ஒரு சொல்லின் வாழ்க்கையில் இப்படி நடப்பது புதிதல்ல. ஆனால் இன்று பல குழுக்களின் பட்டியல்களைப் பார்த்தால், அந்தச் சொல்லின் முழு வரலாறும் ஒரே திரையில் விரிந்துகிடப்பது போலத் தோன்றும். மேலே நான்கைந்து வரிகள் கனன்றுகொண்டிருக்கும். கீழே அறுநூறு, எழுநூறு வரிகள் சாம்பலாய்க் குவிந்திருக்கும்.

தமிழில் இதற்குக் 'கிடப்பு' என்றொரு சொல் தயாராக இருக்கிறது. ஒரு மனு கிடப்பில் போடப்பட்டது என்றால் அதற்கு என்ன ஆயிற்று என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. மறுக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லாததால் அது அங்கே கிடக்கிறது. ஆங்கிலச் சொல் மறைக்க முயல்வதைத் தமிழ்ச்சொல் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பட்டியலைச் சீர்படுத்தும் வேலைக்கு முன்பு 'க்ரூமிங்' என்று பெயர். குதிரையைத் தேய்த்து, சீவி, பளபளப்பாக்கும் பணிக்கான சொல் அது. பிரிட்டன் முதலிய நாடுகளில் சிறுவர் சிறுமியரைத் தீய நோக்கத்தோடு வசப்படுத்துவது என்ற பொருள் அந்தச் சொல்லில் வலுத்துவிட்டதால், அதைக் கூட்ட அறையில் உச்சரிக்கப் பலர் கூசினார்கள். 'ஸ்க்ரம்' முறைக்கு அதிகாரபூர்வமான சிறு கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு 'ரிஃபைன்மெண்ட்' என்ற சொல்லுக்கு மாறியது. குதிரை லாயத்திலிருந்து உலோகம் உருக்கும் பட்டறைக்கு இடம்பெயர்ந்தாயிற்று. எங்கள் பார்வையில் இது நல்ல மாற்றம். சீவிவிட்டால் குதிரை எடை குறைவதில்லை. ஆனால் உருக்கிச் சுத்தப்படுத்தினால் மாசு கழிந்தே ஆகவேண்டும்.

இதற்கும் மேலான சொற்கள் நம் பாட்டிமார்களிடம் இருந்தன. முறத்தைக் கையில் எடுத்தால் அவர்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை. புடைப்பார்கள், பதர் பறக்கும். கொழிப்பார்கள், குருணை ஒருபக்கமும் முழு அரிசி ஒருபக்கமும் ஒதுங்கும். தெள்ளுவார்கள், மெல்லிய தூசியும் பொடியும் பிரியும். தெளிவு என்ற சொல்லுக்கும் அந்தத் தெள்ளுதலுக்கும் உள்ள உறவை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. ஒரு பட்டியலுக்குச் செய்யவேண்டியவையும் இவைதாம். பயனற்றதைப் பறக்கவிடுவது, சிறியதையும் பெரியதையும் பிரிப்பது, மிஞ்சியதைத் தெளிவாக்குவது. முறத்தில் இட்டதை அப்படியே திரும்பப் பானையில் கொட்டுகிறவளை யாரும் புடைத்தாள் என்று சொல்லமாட்டார்கள்.

*

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1986இல் தாக்கியூச்சி, நோனாக்கா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்கள் புதுப் பொருள்களை உருவாக்கும் விதத்தை ஆராய்ந்து, தொடர் ஓட்டக்காரர்கள் போல ஒருவர் முடித்து மற்றவரிடம் கொடுக்காமல், ரக்பி ஆட்டக்காரர்கள் போல எல்லோரும் சேர்ந்து முன்னேறுகிறார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். 'ஸ்க்ரம்' என்ற பெயர் அந்த ரக்பி ஆட்டத்திலிருந்து வந்தது. 1995இல் கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லண்டும் அதை மென்பொருளுக்கான முறையாக ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி 'அஜைல்' அறிக்கையை எழுதினார்கள். மொத்தம் நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கொள்கைகள். தேவையற்ற வேலையைச் செய்யாமல் விடும் கலையே எளிமை என்ற கருத்து அந்தக் கொள்கைகளில் ஒன்று. பதினேழு பேரும் கையெழுத்திட்டது செய்யாமல் விடுவதற்கும் சேர்த்துத்தான் என்பதை அவர்களின் பெயரால் சான்றிதழ் விற்பவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

தத்துவம் போதும். ஒரு மெய்யான வழக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பு, காகிதக் கோப்புகளிலிருந்து விடுபட 'வர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற மென்பொருளைத் தொடங்கியது. அதற்கான தேவைகளைச் சொல்லும் ஆவணம் 800 பக்கங்களுக்கும் மேல். அத்தனை பக்கங்களில் இல்லாதது எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்ற தீர்ப்பு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமைப்பின் வேலையே மாறியது, தேவைகளும் மாறிக்கொண்டே இருந்தன. பக்கங்கள் கூடினவேயன்றிக் குறையவில்லை. ஏறத்தாழ 7 லட்சம் வரி நிரல் எழுதப்பட்டு, 17 கோடி டாலர் செலவழிந்த பின் 2005இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. புலனாய்வாளர்கள் காகிதத்திற்கே திரும்பினார்கள்.

அடுத்து 2006இல் 'சென்டினல்' தொடங்கியது. இம்முறையும் பழைய வழிதான். நான்கு கட்டங்கள், ஒன்று முடிந்தபின் மற்றொன்று. ஒதுக்கிய 45.1 கோடி டாலரில் 2010 ஆகஸ்டுக்குள் சுமார் 40.5 கோடி செலவாகியிருந்தது. கைக்கு வந்தவை நான்கில் இரண்டு கட்டங்கள் மட்டும் என்று அந்நாட்டு நீதித்துறையின் தணிக்கை அறிக்கை சொன்னது. அந்த இலையுதிர்காலத்தில் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சிறிய குழுவோடு ஸ்க்ரம் முறைக்கு மாறியது. மிஞ்சிய தேவைகள் 670 சிறு 'ஸ்டோரி'களாக எழுதப்பட்டு, ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தப்பட்டன. இரண்டு வாரத்திற்கு ஒரு சுற்று என்று 21 சுற்றுகள் திட்டமிடப்பட்டன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கும் மென்பொருளைக் காட்டியாக வேண்டும். எல்லாம் திட்டப்படி நடந்துவிடவில்லை. 2011 அக்டோபரில் நடந்த ஒத்திகையில் வன்பொருள் சுமை தாங்காமல் தடுமாறியது, நாள்கள் தள்ளிப்போயின. இருந்தாலும் 2012 ஜூலையில் சென்டினல் அமைப்பு முழுவதற்கும் பயன்பாட்டுக்கு வந்தது.

ஸ்க்ரம் ஒரு மந்திரக்கோல் என்பதற்கு இதைச் சான்றாக யாராவது காட்டினால் நாங்கள் உடன்படமாட்டோம். மாற்றம் நிகழ்ந்தது வேறோரிடத்தில். 800 பக்க ஆவணத்தில் எல்லா வரிகளும் சமம். ஒவ்வொன்றும் 'வேண்டும்' என்று மட்டும் சொல்லும். 670 அட்டைகளின் வரிசையிலோ ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே இறங்கியாக வேண்டும். யாரோ ஒருவர் அந்த இடமாற்றத்திற்குப் பொறுப்பேற்கவேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதும், முடிவெடுப்பவரும் செய்பவரும் ஒரே அறையில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை முகம்பார்த்ததும்தான் வேறுபாடு. ஒரு மென்பொருளைக் கட்டுவதில் ஆகக் கடினமான பகுதி எதைக் கட்டுவது என்று சரியாக முடிவுசெய்வதே என்று ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1986லேயே எழுதிவிட்டார். அந்த முடிவை 800 பக்கங்களுக்குள் ஒளித்துவைத்தால் அது மறைந்துவிடாது. நிரல் எழுதுபவனின் மேசையில், நடு இரவில், கேட்பாரில்லாத நேரத்தில் திரும்பவும் தலைதூக்கும்.

*

பட்டியலின் ஒரு வரிக்கு 'யூசர் ஸ்டோரி' என்று பெயர். கதை என்று பெயர் வைத்துவிட்டு இலக்கிய வாசகர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

1990களின் இறுதியில் கென்ட் பெக், ரான் ஜெஃப்ரிஸ் முதலியோர் வகுத்த 'எக்ஸ்ட்ரீம் ப்ரோகிராமிங்' முறையில் இந்தக் கதை ஒரு சிறு அட்டையில் எழுதப்பட்டது. அட்டை சிறியதாக இருந்தது தற்செயல் அல்ல. அதில் எல்லாவற்றையும் எழுத முடியாது, ஆகவே பேசியாக வேண்டும். அட்டை, உரையாடல், உறுதிப்பாடு என்று 2001இல் ஜெஃப்ரிஸ் இதை மூன்றாக வகுத்துச் சொன்னார். அட்டை வெறும் நினைவூட்டல். உண்மையான தேவை உரையாடலில் பிறக்கிறது. அது நிறைவேறியதா என்பதைச் சோதனை உறுதிசெய்கிறது. அதே காலத்தில் லண்டனில் இருந்த கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் ஒரு வாக்கிய வாய்பாடு உருவானது. இன்னாராகிய எனக்கு, இது வேண்டும், இன்ன காரணத்திற்காக. இந்த மூன்றாவது உறுப்பைத்தான் நாங்கள் 'ஏன்' என்று சொல்லிவருகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். ஒரு நூலகத்திற்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 'முன்பதிவு வசதி' என்று ஒரு வரி. இரண்டே சொற்கள். இதைப் பார்த்துவிட்டு ஒருவர் ஒரு வாரம் போதும் என்பார், இன்னொருவர் இரண்டு மாதம் என்பார். இருவரும் சரி. அவரவர் மனத்தில் இருக்கும் நூலகம் வேறு வேறு.

இப்போது முறத்தை எடுப்போம். முன்பதிவு யாருக்கு? உறுப்பினருக்கு. எதற்கு? விரும்பிய நூல் வெளியே போயிருந்தால், திரும்பி வந்ததும் தனக்குக் கிடைக்கவேண்டும் என்பதற்கு. அப்படியானால் அலமாரியிலேயே இருக்கும் நூலை முன்பதிவு செய்யவேண்டுமா? வேண்டாம், பதரில் ஒன்று பறந்தது. ஒரே நூலை மூன்று பேர் பதிவு செய்தால்? வந்த வரிசைப்படி. முதலாமவர் வந்து வாங்காவிட்டால் எத்தனை நாள் காத்திருப்பது? இந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. நூலகரைக் கேட்கவேண்டும். கேட்டால் அவர், மூன்று நாள், ஆனால் மூத்த குடிமக்களுக்கு ஒரு வாரம் என்கிறார். இதை யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. அவர் இருபது ஆண்டுகளாக அப்படிச் செய்துவருகிறார், அவ்வளவுதான். ஒரு நிறுவனத்தின் அறத்தில் பாதி இப்படி எழுதாத விதிகளில்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் குழுவின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் சோதனையாளர் என்றால் நீங்கள் வியக்கவேண்டாம். பெரும்பாலும் அவர்கள்தான் கேட்பார்கள்.

அடுத்து உடைத்தல். அனுபவமற்ற குழு இதைத் திரை ஒரு துண்டு, தரவுத்தளம் ஒரு துண்டு, இடைநிலை நிரல் ஒரு துண்டு என்று கிடைமட்டமாக அறுக்கும். மூன்று துண்டும் சேரும்வரை நூலகருக்குக் காட்ட எதுவும் இருக்காது. தேர்ந்த குழு செங்குத்தாக வெட்டும். முதல் துண்டு: ஓர் உறுப்பினர், ஒரு நூல், ஒரு பதிவு, நூல் வந்ததும் நூலகரின் திரையில் ஒரு குறிப்பு. இரண்டாவது: பலர் பதிவு செய்தால் வரிசை. மூன்றாவது: உறுப்பினரின் கைபேசிக்குச் செய்தி. முதல் துண்டை முடித்ததுமே நூலகர் பயன்படுத்தத் தொடங்கலாம். மூன்றாவது துண்டு வருவதற்குள், எங்கள் உறுப்பினர்கள் நாள்தோறும் இங்கே வருபவர்கள், செய்தி அனுப்பவேண்டியதில்லை என்று அவரே சொல்லவும் கூடும். அப்போது அந்த வரியை மகிழ்ச்சியோடு நீக்கிவிடலாம். ஒரு கதையில் வேண்டாத பத்தியை அடிக்கும் ஆசிரியருக்கு உண்டாகும் நிம்மதி அது.

*

பிறகு மதிப்பீடு. இங்குதான் விளையாட்டு வினையாகிறது.

2002இல் ஜேம்ஸ் க்ரெனிங் என்பவர் 'ப்ளானிங் போக்கர்' என்ற ஓர் எளிய உத்தியை எழுதிவைத்தார். மைக் கோன் 2005இல் வெளியிட்ட நூலின் வழியாக அது பரவியது. ஒவ்வொருவர் கையிலும் எண் பொறித்த சீட்டுகள். 1, 2, 3, 5, 8, 13 என்று போகும். கதையைப் பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்துவைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பவேண்டும். ஒரே நேரத்தில் என்பதுதான் இதன் உயிர். மூத்தவர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் மனம் அந்த எண்ணைச் சுற்றியே வட்டமிடும். கவிழ்த்த சீட்டு, நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் இருபதாண்டு அனுபவம் உள்ளவருக்கும் ஒரே குரலைத் தருகிறது. அவள் 13 என்கிறாள், அவர் 3 என்கிறார். இருவரும் காரணம் சொல்லவேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒரு சிக்கல் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எண் முக்கியமல்ல, எண்கள் வேறுபடும்போது பிறக்கும் பேச்சுதான் முக்கியம்.

நம் அலுவலகங்களில் நடப்பது என்ன? சீட்டுகள் கவிழ்க்கப்படுவதில்லை. கணினியில் பட்டியல் விரியும். மேலாளர், இது 3தானே என்பார். தானே என்ற அந்த ஓர் அசையில் கேள்வி, விடை, எச்சரிக்கை மூன்றும் அடங்கிவிடும். அறை முழுக்க 'ஆமாம் சார்'. பிறகு அந்த 3 மணிக்கணக்காக மொழிபெயர்க்கப்படும். மணிக்கணக்கு வரைபடமாகும். வரைபடத்தில் ஒரு குழு மற்றொரு குழுவோடு ஒப்பிடப்படும். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அது ஒரு மனிதரின் பெயருக்கு எதிரே வந்து உட்காரும். உழைப்பை ஒப்பிட்டுப் பேசுவதற்காக வந்த எண், உழைப்பவனை அளக்கும் கோலாகிவிட்டது. ஸ்டோரி பாயிண்டைக் கண்டுபிடித்தது ஒருவேளை தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துகிறேன் என்ற பொருளில் ரான் ஜெஃப்ரிஸ் 2019இல் எழுதினார். அந்த வருத்தம் எங்கள் ஊர்க் கண்ணாடிக் கட்டடங்களுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

கையேடு என்ன சொல்கிறது என்பதையும் பதிவுசெய்யவேண்டும். அளவை மதிப்பிடும் பொறுப்பு அந்த வேலையைச் செய்யப்போகிறவர்களுடையது என்று 2020ஆம் ஆண்டுப் பதிப்பு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. பட்டியலின் உரிமையாளர், அதாவது 'ப்ராடக்ட் ஓனர்', ஒரே ஒருவர்; குழு அல்லர் என்றும் சொல்கிறது. சீர்படுத்தும் வேலை ஓர் ஒற்றைக் கூட்டமல்ல, தொடர்ந்து நடக்கும் செயல் என்கிறது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், இந்த வேலை குழுவின் நேரத்தில் பொதுவாகப் பத்து விழுக்காட்டைத் தாண்டாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2020இல் அந்த எண் எடுக்கப்பட்டது. எண்ணை எடுத்தது சரியே; ஆனால் நம்மவர்கள் அந்தச் சுதந்திரத்தை மூன்று மணி நேரக் கூட்டமாகப் புரிந்துகொண்டார்கள்.

*

சென்னையில் இந்த வேலைக்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. பட்டியலின் உரிமையாளர் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருக்கிறார். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே அவர்களுடைய கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. அவர் காப்பியோடு வரும்போது இங்கே நாள் முடிந்து, கடைசி அலுவலகப் பேருந்து எப்போது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோர்ந்த மனத்திற்கு முதலில் விட்டுப்போவது கேள்வி கேட்கும் ஆற்றல்தான்.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல், இடையில் நிற்பவர்கள். வாடிக்கையாளர் சொன்னதை ஒருவர் கேட்டு, அவர் இன்னொருவரிடம் சொல்லி, மூன்றாமவர் அதை ஜிராவில் எழுதி, குழுவுக்கு வந்துசேரும்போது 'இன்ன காரணத்திற்காக' என்ற மூன்றாவது உறுப்பு உதிர்ந்துபோயிருக்கும். அந்த இடத்தில் 'வாடிக்கையாளர் கேட்டதால்' என்று எழுதியிருக்கும். இது காரணம் அல்ல, கட்டளை. கட்டளையைப் புடைக்க முடியாது. நிறைவேற்றலாம், அல்லது நிறைவேற்றுவதுபோல் காட்டலாம். ஆகவே சீர்படுத்தும் கூட்டம் வாசித்துக்காட்டும் கூட்டமாகச் சுருங்குகிறது. ஒருவர் வாசிக்கிறார், மற்றவர்கள் ஒலியை அணைத்துவைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நம் பள்ளிகளில் கோனார் உரை எழுதவைத்த வகுப்புகள் நினைவுக்கு வந்தால் அது எங்கள் குற்றமல்ல.

மென்பொருள் கருவிகளும் இதற்குத் துணைபோயின. 2002இல் வெளியான ஜிரா முதலில் பிழைகளைப் பதிவுசெய்யப் பிறந்தது. பிழையைப் பதிவது நல்லது. ஒரு பிழையையும் மறக்கக்கூடாது. ஆனால் ஆசையும் பிழையும் ஒன்றல்ல. அட்டை சுவரில் ஒட்டியிருந்த காலத்தில் சுவர் நிறைந்தால் எதையாவது கிழித்தாக வேண்டும். திரைக்கு அடியில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நிறுவனத்தை விட்டுப்போன ஒருவர், ஒரு மத்தியானம் தோன்றியதை எழுதிவைத்த வரி, இன்றும் 'நடுத்தர முக்கியத்துவம்' என்ற முத்திரையோடு கிடக்கிறது. அதைப் படித்து, புரியாமல், திரும்ப வைத்துவிட்டு நகரும் பத்து நிமிடங்கள் எட்டுப் பேருடைய பத்து நிமிடங்கள்.

நீக்கினால் முக்கியமானது தொலைந்துபோகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எங்கள் பதில் இது. உண்மையான தேவை திரும்பி வரும். பசி திரும்பி வருவதுபோல வரும். வேறொருவர் வாயால், இன்னும் தெளிவான சொற்களில், மேலும் அவசரமாக வரும். திரும்பி வராதது தேவையே அல்ல. சட்டம் கோரும் விஷயங்கள், பாதுகாப்பு ஓட்டைகள், வாடிக்கையாளரோடு எழுத்தில் ஒப்புக்கொண்டவை ஆகியவற்றை நினைவில் வைக்கவேண்டும். அவற்றுக்குத் தனிப் பதிவேடு இருக்கலாம். அன்றாடம் படிக்கும் பட்டியல் பதிவேடாக இருக்கக்கூடாது. நூலகமும் ஆவணக்காப்பகமும் ஒன்றல்ல என்று இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வாடிக்கையாளரிடம் 'ஏன்' என்று கேட்டால் ஒப்பந்தம் போய்விடும் என்பது இன்னொரு வாதம். எங்கள் அனுபவம் நேர்மாறானது. ஒழுங்காகக் கேட்கப்பட்ட கேள்வியை மதிக்காத வாடிக்கையாளர் அரிது. கேள்வியைப் பாதி வழியிலேயே பிடித்து நிறுத்துபவர்கள் இடையில் நிற்பவர்கள்தான். அவர்களுடைய அச்சத்தையும் நாங்கள் புரிந்துகொள்கிறோம். பட்டியல் குறைந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் ஆள் குறையும், ஆளெண்ணிக்கையில் கூலி பெறும் தொழிலில் அது தற்கொலை என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். பதருக்கும் எடைபோட்டுக் காசு வாங்கும் வியாபாரம் இது. அந்த வியாபாரத்தில் முறத்தை எடுப்பவன் எதிரியாகத் தெரிவது இயல்பு. ஆனால் நிரலையே இயந்திரம் எழுதித்தரத் தொடங்கிவிட்ட இந்நாளில், பதரை விளைவிக்கும் செலவு நாளுக்கு நாள் குறைகிறது. எதை எழுதவேண்டும், எதை எழுதவேண்டாம் என்று தீர்ப்பளிக்கத் தெரிந்தவனுக்கே இனி மதிப்பு என்பது எங்கள் துணிபு. அந்தத் தீர்ப்புக்கான பயிற்சியைத்தான் நாம் நம் இளைஞர்களுக்கு மறுத்துவருகிறோம்.

*

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். மூன்றுக்கும் சான்றிதழோ பயிற்சி வகுப்போ தேவையில்லை.

ஒன்று, காரணம் எழுதப்படாத எந்த வரியும் குழுவின் முன் வாசிக்கப்படக்கூடாது. 'வாடிக்கையாளர் கேட்டதால்' என்பது காரணமாக ஏற்கப்படக்கூடாது. கேட்கும் உரிமை கடைசியாகச் சேர்ந்தவருக்கும் உண்டு என்பதை, அறையில் மூத்தவர் வாய்திறந்து சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் நம் ஊரில் அது இல்லை என்றே பொருள்.

இரண்டு, சீட்டைக் கவிழ்த்துவைக்க வேண்டும். எண் குழுவினுடையது, குழுவுக்குள்ளேயே இருக்கவேண்டும். அறையை விட்டு வெளியேறி மேலாளரின் வரைபடத்தில் ஏறும் எண், அடுத்த கூட்டத்திலேயே பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

மூன்று, ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதேனும் ஒரு வரியாவது நீக்கப்படவேண்டும். ஆறு மாதம் யாரும் தொடாத வரி தானாகவே விழட்டும். தேவையென்றால் உயிர்த்தெழட்டும். கூட்டம் முடியும்போது பட்டியல் தொடங்கியதைவிட நீளமாக இருந்தால், அங்கே பேச்சு நடந்திருக்கலாம், சீர்படுத்தல் நடக்கவில்லை.

இவை சிறிய விஷயங்கள் என்று தோன்றலாம். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு முன்னால், எதற்கென்று தெரியாத ஒன்றை, யாருக்கென்று தெரியாத ஒருவருக்காக, தான் சொல்லாத ஒரு தேதிக்குள் முடிக்க இரவில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை சிறியவை அல்ல. அவருக்கு யாரும் வேலையைக் குறைத்துத் தரவேண்டாம். செய்கிற வேலை எதற்காக என்று தெரிந்தால் போதும். பட்டியலின் அந்த மூன்றாவது உறுப்பை நிரப்பித் தருவதற்கு ஒரு நிறுவனத்திற்கு ஆகும் செலவு ஒரு வாக்கியம்.